பசறையிலிருந்து பதுளைக்கு, எலும்பு கரைகிற பயத்தோடு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் என் மைத்துனரை மன்னித்துவிட்டேன். பத்து வருடமாக என் ஏணியைத் திருப்பித் தராத மனிதர். சாகப்போகிறவனுக்கு ஏணி எதற்கு என்று தோன்றியது. போனில் நான் தழுதழுத்ததை அவர் இப்போது சொந்தக்காரர் வீடுகளில் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

காரணம் ஓர் இரத்தப் பரிசோதனை. மகளுக்கு முழங்கால் வலி. அவளைக் கூட்டிப் போன இடத்தில் மனைவி என்னையும் ஊசிக்குக் கை நீட்ட வைத்தாள். சனிக்கிழமை இரண்டு உறைகள் வந்தன. நான் பிரித்த அறிக்கையில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியத்துக்குச் சிவப்புக் கோடு. எலும்பு இடிந்து கட்டப்படும் வேகம் கூடினால் இது ஏறுமாம்; என் வயதில் ஏறினால் பெரிய நோயாகவும் இருக்கலாமாம். இணையத்தில் அதற்கு மேல் வாசிக்கத் தைரியமில்லை.

திங்கள் காலை 6.40 பஸ். பதுளைக்குப் பதினெட்டு கிலோமீற்றர் சொச்சம், ஒரு மணி நேரம். நூறு ரூபாய் கொடுத்தேன், மிச்சம் வரவில்லை. பின் ஆசனத்தில் உட்காராதீர்கள்; வளைவுகளில் நல்ல எலும்பும் கழன்றுவிடும். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

“சாவு வீட்டுக்கா போறீங்க அண்ணே?”

“ஆமாங்க. எனக்குத்தான்.”

அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ 250, டொக்டருக்கு 2,000. 9.15க்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார்.

“ஐயாவுக்கு என்ன வயசு?”

“ஐம்பத்திரண்டு.”

“இதுல பதினாலுன்னு இருக்கே. பொம்பளப்பிள்ளைன்னு வேற போட்டிருக்கு.”

மகளின் தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்த நான் பெயரைப் பார்க்கவில்லை. மூன்று விநாடி நிம்மதி. நாலாவது விநாடியில் மகளை நினைத்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“அப்ப பிள்ளைக்கா டொக்டர்? அவளுக்கு முழங்கால் வலி.”

“உக்காருங்க. தேயிலையில கவ்வாத்து வெட்டுறதப் பாத்திருப்பீங்கதானே? பழசை வெட்டினாத்தான் புதுத் துளிர். எலும்புலயும் பழசைக் கரைக்க ஒரு செல்லு இருக்கு, அதுக்கு ஒரு நொதியம்தான் கவ்வாத்துக் கத்தி. பின்னாலேயே கட்டுற செல்லு வரும். இந்த அல்கலைன் பொஸ்பட்டேஸ் அதுகிட்ட இருக்கிறது. வளர்ற பிள்ளைக்குக் கட்டுற வேலை கூட, இதுவும் கூடத்தான் நிக்கும். கோடு பெரியவங்க அளவுக்குப் போட்டது. முழங்காலைப் பாக்கணும்னா பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, தாளை இல்ல.”

அங்கிருந்து மிதந்துகொண்டே வெளியே வந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடை. கருப்பட்டிப் பாகு வழிகிற இரண்டு வட்டிலாப்பம், மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேநீர். 11.30 பஸ்ஸில் அதே அம்மா. சட்டையில் வழிந்திருந்த பாகைப் பார்த்தார்.

“சாவு வீட்டுல சாப்பாடு பலமோ?”

இந்த வழியில் வருகிறவர்களுக்கு என் ஆலோசனை: சிவப்புக் கோட்டுக்கு முன் பெயரைப் படியுங்கள். நம் உடம்பு சத்தமில்லாமல் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கெல்லாம் மைத்துனரிடம் தழுதழுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்துதான் என் பெயர் போட்ட உறையைப் பிரித்தேன். நொதியம் அளவாக இருக்கிறது. சீனிக்குத்தான் சிவப்புக் கோடு.