யேசுரட்ணத்தின் குடியா விரதமும் நிக்கலஸ் வீட்டுத் தாம்பாளமும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களில் குடிக்காதவர் யேசுரட்ணம். குடிக்காதவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் அவர்கள் சும்மா குடிக்காமல் இருப்பவர்கள். யேசுரட்ணம் அதை ஒரு வேலையாகச் செய்பவர். பகலில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். மிச்ச நேரமெல்லாம் குடிக்காமல் இருப்பார்.

தவக்காலச் செபக்கூட்டம் வந்தால் அவர்தான் பேச்சாளர். பழைய இசராயேல் சனம் முழுக்க அவர் பக்கம் சாட்சி சொல்ல வரிசையில் நிற்கும். நோவா திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்து, கூடாரத்துக்குள் உடுப்பில்லாமல் கிடந்தது வரும். லோத்து வருவார், ஆனால் "சின்னப் பிள்ளையள் இருக்கினம், மிச்சத்தை விடுவம்" என்று பாதியில் போய்விடுவார். வெறியில் தள்ளாடிய குருக்களை இறைவாக்கினர் சொல்லால் கிழித்தது வரும்போது, முன்வரிசையில் இருக்கும் ஃபாதர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்ப்பார்.

அதே சனம், மனுசனின் நெஞ்சைக் குளிரவைக்கக் கடவுள் தந்தது திராட்சை இரசம் என்று பாடியும் இருக்கிறது. திருவிழாவுக்கு யெருசலேம் போகிறவன் ஆசைப்பட்ட இறைச்சியும் மதுவும் வாங்கிக் குடும்பத்தோடு கொண்டாடலாம் என்று சட்டமும் எழுதி வைத்திருக்கிறது. அவை யேசுரட்ணத்தின் கண்ணில் படுவதில்லை. மீன் தின்பவன் முள்ளை ஒதுக்குவதுபோல் அவர் நாக்கே அவற்றை ஒதுக்கிவிடும். யேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்க் கலியாணத்தை யாராவது இழுத்தால், "அது புதிய ஏற்பாடு. நான் இப்ப பழையதிலை நிக்கிறன்" என்பார்.

இப்படி நின்றுகொண்டிருந்தவரின் காலடியில் மகள் ஸ்ரெபானி கலியாணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை ஜோனாஸ், தச்சுவேலை செய்கிற டேனிஷ்காரப் பொடியன். பொடியனில் யேசுரட்ணம் ஒரு குறையும் காணவில்லை. குறை விருந்தில் வந்தது. வைன் இல்லாத கலியாண விருந்தை ஜோனாஸ் வீட்டார் கேள்விப்பட்டதே இல்லை.

"என்ரை மகளின்ரை மண்டபத்துக்குள்ளை ஒரு போத்தலும் வராது," என்றார் யேசுரட்ணம்.

ஸ்ரெபானி டேனிஷில் பதில் சொன்னாள்: அப்படியென்றால் கோயிலும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம், நகரசபையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிவிட்டு வருகிறோம், அப்பா விரும்பினால் வரலாம். அவள் குரல் உயரவில்லை. டேனிஷில் கோபமும் காலநிலை அறிக்கை மாதிரித்தான் இருக்கும். அதுதான் அவரைப் பயப்படுத்தியது. மகளைக் கையில் பிடித்து பீடம் வரைக்கும் நடத்திக்கொண்டு போவதை, அவள் சின்னப் பிள்ளையாய் வெள்ளை உடுப்போடு முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து அவர் மனதுக்குள் நடந்து பார்த்து வைத்திருந்தார்.

கதைத்துத் தீர்ப்போம் என்று ஜோனாஸின் தகப்பன் நிக்கலஸ் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். யேசுரட்ணம், மனைவி மேரிசெலின், அவளுடைய தம்பி அந்தோனிதாசன் மூவரும் போனார்கள். ஸ்ரெபானி முன்பே அங்கேதான் நின்றாள். அந்தோனிதாசன் அளவாகக் குடிப்பவன். அந்த 'அளவாக' என்ற சொல்லில்தான் யேசுரட்ணத்துக்குக் கடுப்பு.

மேசையில் அடுப்பில் வாட்டிய பன்றி இறைச்சி, தோல் அப்பளம் மாதிரிப் பொரிந்தபடி இருந்தது. நிக்கலஸ் போத்தலோடு வந்தார். யேசுரட்ணம் கிளாசைக் கையால் மூடிக்கொண்டு, தயாராகக் கொண்டுவந்திருந்த சட்டத்தை டேனிஷில் அவிழ்த்தார்: பழைய இசராயேலில் அடங்காத குடிகார மகனைத் தாயும் தகப்பனும் ஊர்வாசலுக்கு இழுத்துப் போவார்கள், ஊரே கூடிக் கல்லெறிந்து கொல்லும்.

நிக்கலஸ் தன் மகனை ஒருதரம் பார்த்தார். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், இறைச்சித் தாம்பாளத்தை நீட்டினார்.

யேசுரட்ணம் எடுத்தார். தாம்பாளம் சுற்றிவந்து திரும்பவும் அவரிடம் நின்றது. திரும்பவும் எடுத்தார். நீட்டின தாம்பாளத்தை மறுப்பது வீட்டுக்காரரை அவமதிப்பது என்பது அவருடைய பிறவி அறிவு. விருந்தாளி எடுக்கும்வரை தாம்பாளத்தை நிறுத்தக்கூடாது என்பது நிக்கலஸின் பிறவி அறிவு. இரண்டு மரியாதையும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன, அடிபட்டது பன்றி. இறைச்சி முடிய, ஜோனாஸின் தாய் குசினிக்கு ஓடி சொசேஜ் பொரித்துக்கொண்டு வந்தாள். சீனிப்பாகில் பிரட்டிய உருளைக்கிழங்கும் முடிந்தது.

"அத்தான், காணும்," என்றான் அந்தோனிதாசன், இரண்டாவது கிளாசை அரைவாசியில் நிறுத்தி வைத்துவிட்டு.

"நீ குடிக்கிறதைக் குடி. எனக்குப் புத்தி சொல்லாதை. அந்தாள் நீட்டிக்கொண்டு நிக்குது, முகத்திலை அடிச்ச மாதிரி வேண்டாமெண்டு சொல்லச் சொல்லுறியோ?"

மேரிசெலின் மேசைக்குக் கீழே காலால் உதைத்தாள். உதை அந்தோனிதாசனுக்குப் பட்டது. "அக்கா, நான் சொல்லிப் பாத்திட்டன்," என்றான் அவன்.

கடைசியில் கிரீமும் சோறும் கலந்த இனிப்பு, மேலே செரிப்பழப் பாகோடு வந்தது. அதுவும் சுற்றியது. முடிந்ததும் யேசுரட்ணம் நன்றி சொல்ல எழும்பினார். சுவர் அவரிடம் வந்தது. முகம் சிவந்து, கண் செருகி, டேனிஷ் வாய்க்குள் குழைந்தது. ஜோனாஸின் தாய் மகனிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "காரில் வரும்போது ஏதாவது குடித்துவிட்டு வந்தாரோ?"

அது யேசுரட்ணத்தின் காதில் விழுந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக அந்தக் கேள்வி. பதில் சொல்ல வாய் திறந்தவர், திறப்பது ஆபத்து என்று கண்டு தோட்டத்துக்கு விரைந்தார்.

அப்பிள் மரத்துக்குப் பின்னால் எல்லாம் வெளியே போனது. ஸ்ரெபானி வந்து அவருடைய கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கினாள். சின்ன வயதில், யாழ்ப்பாணத்துப் பாசையூரில், கள்ளுக்கொட்டிலிலிருந்து தன் தகப்பனை இப்படித்தான் அவர் கூட்டிவந்தார், எத்தனையோ பின்னேரம். இதை அவர் எந்தச் செபக்கூட்டத்திலும் சொன்னதில்லை. தாங்குகிற தோளின் வலி அவருக்குத் தெரியும்; சாய்கிறவனுக்கு இப்படி வெட்கமாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் மற்றக் கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தச் சட்டத்தை இப்பதான் வாசிச்சனான். தாய் தகப்பன் அவனைக் குடிகாரன் எண்டு மட்டும் சொல்லேல்லை. தீனிக்காரன், குடிகாரன், ரெண்டும் சொல்லுகினம். நீங்கள் பாதிதான் சொன்னனீங்கள்."

யேசுரட்ணம் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இப்ப என்ன, என்னைக் கல்லெறியப் போறியோ?"

"ஊர்வாசல் வரைக்கும் இழுக்க நீங்கள் பாரம்."

அவர் சிரித்தார், சிரிப்பு ஏப்பமாக முடிந்தது.

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்றாள். "உங்கடை வேதப்புத்தகத்திலை ஒரு பெரியவர் விருந்துக்குப் போறவைக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். மேசையிலை நீதான் முதலிலை நிப்பாட்டு, கூடச் சாப்பிட்டால் எழும்பி வெளியிலை போய்ச் சத்தி எடு, சுகமாயிருக்கும் எண்டு."

"அப்பிடியோ கிடக்கு?"

"கிடக்கு. அவர் வைனையும் அளவாக் குடியெண்டுதான் சொல்லுறார்."

யேசுரட்ணம் அப்பிள் மரத்தை விட்டு நிமிர்ந்தார். அந்த 'அளவாக' மறுபடியும் வந்து நிற்கிறது. இன்றைக்கு அதைக் கடைப்பிடித்தவன் உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறான்.

உள்ளே வந்து கதிரையில் மெல்ல இருந்தார். "மண்டபத்துக்கு வைன் வரட்டும்," என்றார் நிக்கலஸிடம். "ஒரு நிபந்தனை. இசராயேல் சனத்தின் கதையில் ஒரு பாரசீக ராசா விருந்து வைத்தார். குடிக்கிறவன் குடிக்கலாம், ஒருத்தரையும் வற்புறுத்தக்கூடாது என்று கட்டளை போட்டார். அதே கட்டளை." அந்த ராசா வெறியில் பெண்சாதியைத் தள்ளிவைத்த மிச்சக் கதையை, வழக்கம்போல், நாக்கு ஒதுக்கிவிட்டது.

நிக்கலஸ் யோசித்து, மிகுந்த பணிவோடு கேட்டார்: "கட்டளை சாப்பாட்டுக்கும் பொருந்துமா?"

அந்தோனிதாசன் அதை அக்காவுக்கு மொழிபெயர்த்தான்.

"சாப்பாட்டுக்குமோ?" மேரிசெலின் நெஞ்சில் கைவைத்தாள். "இன்னொரு அகப்பை போடு எண்டு சொல்லாமல் அதென்ன கலியாணம்? சனம் எங்களைப் பற்றி என்ன கதைக்கும்?"

"பொருந்தும்," என்றார் யேசுரட்ணம்.

ஸ்ரெபானி அவருக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். இந்தமுறையும் தமிழில்தான் கேட்டாள். "அப்ப கோயிலுக்குள்ளை ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தான் பிள்ளை, வேறை ஆர்?" அவர் எழும்பப் பார்த்து, திரும்பவும் இருந்தார். "ஆனால் இண்டைக்கில்லை. இண்டைக்கு ஆராவது என்னைக் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுங்கோ."