கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள்

ஐம்பதுகளின் நடுவில், எனக்குக் கலியாணமான வருடம், வாப்பா எங்கள் தறிக் கொட்டிலின் கிடுகுக் கூரையைப் பிரித்து ஓடு போட்டார். தறிக்கு நேர் மேலே சில கண்ணாடி ஓடுகளும் பதித்தார். மருதமுனையில் எங்கள் தெருவுக்கே அது புதிது. அதுவரை வாசல் வெளிச்சத்தை நம்பி நெய்தவள், ஒவ்வொரு இழையும் துலக்கமாகத் தெரிய நெய்யத் தொடங்கினேன். கொட்டிலுக்குள் வருகிறவர்கள் தறியைப் பார்க்க மாட்டார்கள். அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள்.

பிறகு கச்சான் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து வீசும் அந்தச் சுடுகாற்று கிரவல் றோட்டுப் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். ஆனி, ஆடி முழுக்க மழை இல்லை. அந்த நாட்களில்தான் என் பார்வை மங்கியது. அறுந்த இழையைப் பிடிக்கத் திணறினேன். ஆண்கள் உடுத்தும் ஒரு சாரத்தில் சிவப்புக் கோடு வர வேண்டிய இடத்தில் மெரூன் நூலை ஓட்டிவிட்டேன். முற்றத்தில் விரித்தபோதுதான் தெரிந்தது.

உம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தலை சுத்துதா மகள்? வாய்க்குப் புளிப்புக் கேக்குதா?"

"இல்ல உம்மா, கண்தான் மங்கலாக் கிடக்கு."

அவர் நம்பவில்லை. அன்று பின்னேரமே ஒரு தட்டு மாங்காய் வந்தது. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

என் மாப்பிள்ளை, நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், வரிப்பத்தான்சேனைக்காரர், வேளாண்மைக் குடும்பம். அவர் உண்மையாகவே பயந்துபோய், என்னைக் கல்முனையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். எழுத்துப் பலகையை அடிவரி வரை வாசித்தேன். கடைக்காரர் ஊசியும் நூலும் தந்தார். உடனே கோர்த்துக் கொடுத்தேன்.

"தங்கச்சி, உங்கட கண்ணில ஒண்டும் இல்ல. உங்களுக்குக் கண்ணாடி வித்தா எனக்குத்தான் பாவம்," என்றார்.

வீட்டுக்கு வந்து தறியில் இருந்தால் மறுபடியும் மங்கல். மச்சான் என் பக்கத்தில் குந்தி, கையைத் தறியில் நீள ஓடும் பாவு நூலின் மேல் நீட்டினார்.

"இஞ்ச பாரு புள்ள, கைக்கு நிழலே விழுகுதில்ல."

இரண்டு பேரும் அண்ணாந்தோம். கண்ணாடி ஓடு எது, மண் ஓடு எது என்று பிரிக்க முடியவில்லை.

அவர் ஏணி வைத்து ஏறி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். புழுதி சேறானது.

"மச்சான், இப்ப ஒண்டுமே தெரியுதில்ல."

"கொஞ்சம் பொறு."

விடியற்காலை ஈரத்தில் நனைந்து வெயிலில் காய்ந்து, புழுதி பூச்சுப்போல் இறுகிப்போயிருந்தது. ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்து, மறுபடி கழுவினார். முதல் ஓடு துலங்கியதும் பாவின் மேல் வெயில் சதுரமாக வந்து விழுந்தது. இத்தனை நாளும் என்ன நிறத்தை நெய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப தெரியுதா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"ஓம். உங்கட முகமும் தெரியுது. தாடியெல்லாம் சேறு."

சத்தம் கேட்டு வந்த உம்மா கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மச்சான் நீண்ட பிடி போட்ட காய்ந்த தும்புத்தடியால் ஓடுகளை அடிக்கடி தட்டிவிடுவார். புழுதி இறுக முன்னர் தட்டினால் தண்ணீரே தேவையில்லை. எங்களைப் பார்த்துக் கண்ணாடி ஓடு போட்ட அயல்வீட்டாரும் அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஐப்பசியில் முதல் மழை கொட்டியபோது, ஏணியைச் சாத்திவிட்டு வாசலில் தேத்தண்ணியோடு இருந்து, மழை கூரை கழுவுவதை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.