அடுத்த வீட்டுக் கொலைகாரி

பாறசாலையில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிருபாபாயின் முதல் துப்பறியும் நாவல், அவளுடைய அறுபத்திரண்டாம் வயதில் அச்சாகி வந்தது. திருச்சபையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நாவலின் கொலைகாரிக்கு அவள் அடுத்த வீட்டுச் சரோஜத்தின் நடையையும் பேச்சையும் அப்படியே கொடுத்திருந்தாள். வாசித்தால் சரோஜம் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்றுதான் நினைத்தாள்.

வாசித்து முடித்த சரோஜம் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“என்னக் கொலைகாரியாக்கினது சாரமில்ல, அது போட்டும் அக்கா. மகன் என்ன அடிச்சத உங்ககிட்ட மட்டுமாக்கும் சொன்னேன். அதையும் எழுதிப்போட்டியளே?”

கிருபாபாயால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.

மறுபதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள். ஆனாலும் சரோஜம் பிறகு அந்த முற்றத்தை மிதிக்கவில்லை. யாராவது நாவலைப் பாராட்டினால் கிருபாபாய் இப்போதும் கூசிப்போய்ப் பேச்சை மாற்றிவிடுவாள்.