ரதியின் வீங்கிய இமைகள்

வருஷம் முழுக்கத் தேயிலை மலையில் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற என் வீட்டுக்காரர், மாசி மாதம் வந்தால் சேலை கட்டி ரதியாகிவிடுவார். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி. மையும் அரிதாரமும் பூசி அவர் வந்து நின்றால் எனக்கே பொறாமையாக இருக்கும். பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, மகள் பிறந்தால் மூன்று மாசி ஆடுவதாக நேர்ந்துகொண்ட வேஷம் அது. போன மாசியோடு நேர்த்தி முடிய வேண்டும்.

கூத்துக்கு முந்தின நாள் வேஷம் போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் எழுந்தவருக்கு இரண்டு இமையும் வீங்கி, கண் இருந்த இடம் ஒரு கீறலாகத் தெரிந்தது. எங்கள் மகள் கிட்டே வரமாட்டேன் என்று என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பாவுக்குக் கண்ணக் காணோம்!”

அதற்குள் எங்கள் வரிசை வீட்டு லயமே வாசலில் கூடிவிட்டது. ஒருத்தி குளவி கொட்டியிருக்கும் என்றாள். இன்னொருத்தி கண்கட்டி, நாமக்கட்டியை உரைத்துப் போடு என்றாள். திருஷ்டி என்று மிளகாய் சுற்ற வந்தவளும் உண்டு. கடைசியாக யாரோ, “விரதத்துல ஏதும் தப்பு நடந்துச்சோ, சாமிக் குத்தமா இருக்கும்” என்றார்கள். மனுஷன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சுவரோரம் உட்கார்ந்து, “நான் என்னா தப்பு பண்ணேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, அவரைக் கையைப் பிடித்து டிக்கோயா பஸ்ஸில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் சிங்களப் பிள்ளை ஒருத்தி டாக்டர். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினாள். காய்ச்சல் உண்டா, பார்வை மங்குதா, கண்ணை அசைத்தால் வலிக்கிறதா, காலும் சேர்ந்து வீங்குகிறதா என்று கேட்டாள். கால் எதற்கு என்றேன். சிறுநீரகம் கெட்டாலும் காலையில் இமை வீங்குமாம். எல்லாவற்றுக்கும் அவர் இல்லை என்றார். அரிப்புதான் தாங்கவில்லையாம்.

“என்ன பூசினது?”

கிளம்பும்போதே சந்தேகப்பட்டுப் பையில் போட்டுவந்த வேஷப் பெட்டியை எடுத்தேன். வருஷா வருஷம் எல்லா ஆட்டக்காரர்களும் விரல் விட்டு எடுக்கிற பெட்டி. மற்ற மாதமெல்லாம் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கும். டாக்டர் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அவருடைய இமையை மெதுவாகப் புரட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு. அதற்குக் கீழே கண், தெளிவாக, ஒன்றுமே நடக்காததுபோல் என்னைப் பார்த்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வெங்காயத் தோல் கனமுள்ள அந்தச் சதை, வந்த விஷத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது.

“சாமி இல்ல, பெயின்ட்” என்று சிரித்தாள் டாக்டர். பெட்டியைத் தூக்கிப் போடவேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து அடிக்கடி ஒற்றவேண்டும். அரிப்புக்கு மாத்திரை தந்தாள். ஒரே இமையில் வலியோடு கட்டி வந்தால்தான் வெந்நீர் ஒத்தடம், அப்போதும் கட்டியைப் பிதுக்கக் கூடாது என்றாள். காய்ச்சலோ பார்வை மங்கலோ வந்தால் உடனே வரச் சொன்னாள். வீக்கம் வடிந்த பிறகும் அந்த மை, அரிதாரம் எதுவும் ஆகாது.

பொழுது சாய வேஷம் கட்டுகிற இடத்தில் கூத்து வாத்தியார் கத்தினார். “அரிதாரம் இல்லாம ரதியா? சேல கட்டுன ஆம்பளயத்தான் சனம் பாக்கும்!”

“சிவனுக்கு மூணு கண்ணுங்க. இவருக்கு ரெண்டே ரெண்டுதான்” என்றேன். வாத்தியார் ரதியின் சேலையை எடுத்து நீட்டினார்.

என் வீட்டுக்காரர் வெறும் முகத்தோடு ஆடப் போனார். முதலில் விசில் பறந்தது. விடியப்போகிற நேரத்தில் சிவன் நெற்றிக் கண்ணைத் திறக்க, காமன் எரிந்தான். ரதி மண்ணில் விழுந்து புலம்பி, தலையை நிமிர்த்தினாள். தீ வெளிச்சத்தில் அந்த வீங்கிய இமைகளைக் கண்டதும் விசிலடித்த பயல்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்றவள், “பாவி, நெசமாவே அழுதுல்ல வீங்கிக் கெடக்கு” என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெட்டி மையின் வேலை அது என்று அங்கே என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படியும் நான் அழுதேன். நான் பயந்த முகமே ரதியின் முகமாகி நின்றதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் காமனை எழுப்பினார்கள். திரும்பி வந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது கதை. ஈரத்துணியும் மாத்திரையும் வேலை செய்து இமைகள் வடிந்திருந்தன. ரதி கண்ணை அகல விரித்துக் கூட்டமெல்லாம் தேடினாள்.

“அப்பாவுக்குக் கண்ணு வந்துருச்சு!” என்று என் இடுப்பிலிருந்து கத்தினாள் மகள்.

காமன் நின்ற பக்கம் ரதி திரும்பவேயில்லை. நேராக எங்களிடம் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.