தின்னாத பரோட்டா

என் தம்பி ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவனில்லை. அவனுக்குப் போய்க் கல்லீரல் கெட்டுப்போனது. ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவில் ஒருத்தராவது நம்ப வேண்டுமே! "மெக்கானிக் பசங்க குடிக்காமயா இருப்பானுங்க?" என்று பால் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். கையிலிருந்த பால் பாக்கெட்டை அவள்மேல் எறிந்திருப்பேன். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று விட்டேன்.

காமாலைக் கிருமி அவன் ரத்தத்தில் பல வருஷமாக இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். அம்மா அப்பா இல்லை, அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நான் இருக்கிறேனே, என்னுடையதில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றேன். ரத்தம் பொருந்தியது. ஸ்கேனில்தான் இடித்தது. உங்கள் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, எடையைக் குறைத்து அதைக் கரைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம்தான் கத்தி வைக்க முடியும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் தம்பி சிரித்தான். "சின்ன வயசுலேர்ந்து குண்டு குண்டுன்னு கூப்ட்டேன், கேட்டியா நீ?"

மறுநாளே என் சமையலறை அவன் கைக்குப் போய்விட்டது. வெள்ளைச் சர்க்கரையையும் பாக்கெட் எண்ணெயையும் கீழ்வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்தான். பூந்தமல்லியில் ஒரு செக்கில் காத்திருந்து தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கி வந்தான். வேப்பம்பட்டில் மாடு வைத்திருப்பவரிடம் வெண்ணெய். எங்கேயோ தேடிப் பிடித்த கருப்பட்டி. கண்ணெல்லாம் மஞ்சள், கால் வீங்கிக் கிடக்கிறது, அந்தக் காலோடு ரயிலேறிப் போய்! "ஏன்டா இப்டி அலையுற?" என்று கத்தினால், "இதெல்லாம் இயற்கைக்கா. ஒன்னும் பண்ணாது. தாராளமா ஊத்திக்கோ" என்பான்.

நானும் ஊற்றிக்கொண்டேன். சோற்றைப் பாதியாக்கினேன், அந்தப் பாதிச் சோற்றில் நல்லெண்ணெய் மிதந்தது. வேளைக்கு வேளை கருப்பட்டிக் காபி. கேழ்வரகு அடைக்கு வெண்ணெய். எதிரில் உட்கார்ந்து அவனே எடுத்து வைப்பான். நான் தின்னத் தின்ன அவன் முகம் தெளிந்துகொண்டே வரும்.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு இம்மியும் குறையவில்லை. அங்கே உணவு ஆலோசனை சொல்லும் பெண் என்னைத் தனியாக உட்கார வைத்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, கருப்பட்டியும் சர்க்கரைதான். செக்குல ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான், ஸ்பூனால அளந்து ஊத்தணும். தேங்காய் எண்ணெயும் வெண்ணெயும் உங்க கல்லீரலுக்கு இப்ப ஆகவே ஆகாது." இத்தனை வாரமும் வீண். அவனுக்கு இருந்ததே வாரக் கணக்குதான்.

வெளியே நாற்காலியில் அவன் காத்திருந்தான். "இன்னாச்சுக்கா? கொறைஞ்சுதா?"

நீ தேடித் தேடி வாங்கி வந்ததுதான்டா குறையவிடவில்லை என்று எந்த வாயால் சொல்வது? "நான்தான்டா... வாக்கிங் போயிட்டு வரச்சொல்ல கடையில பரோட்டா தின்னுட்டேன். நெறைய வாட்டி" என்றேன்.

என்னையே பார்த்தான். "என் உசுரு உன் வயித்துல கீது. உனுக்குப் பரோட்டா கேக்குதா?" வீங்கிய காலோடு எனக்கு முன்னால் நடந்துபோய், ஆவடி ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

அதற்கப்புறம் வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன். காபியில் எந்த இனிப்பும் இல்லை. எண்ணெய் ஸ்பூனில்தான். வெண்ணெய் கீழ்வீட்டுக்குப் போனது. கோபம் ஆறியதும் அவன் மறுபடி கருப்பட்டி கொண்டுவந்தான். வாங்கிப் பரணில் ஒளித்துவைத்தேன். ஜாக்கெட் தொளதொளத்துப்போய் ஊக்கு குத்திக்கொண்டேன். ஒருவழியாகக் கொழுப்பு கரைந்துவிட்டது, தேதி குறிக்கலாம் என்றார்கள். குறிப்பதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது, இப்போது அறுக்க முடியாது என்றார்கள். பாவி நான், கெஞ்சாத ஆளில்லை.

நினைவோடு இருந்த கடைசி சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "யக்கா, அந்தப் பரோட்டாவ நான் மனசுல வெச்சுக்கல. நீயும் அத நெனச்சு அழுவாத."

"சரிடா" என்றேன்.

சாவு வீட்டில், பால் வாங்கிய இடத்தில் பேசினாளே, அவளேதான் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அக்காக்காரி வாயக் கட்டியிருந்தா பையன் பொழச்சிருப்பான்." பரோட்டாக் கதையைக் கோபத்தில் யாரிடமோ அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போகட்டும். அவனேதான் கெடுத்துக்கொண்டான் என்று ஒரு நாக்கு என் தம்பியைச் சொல்லக் கூடாது.

அந்தக் கருப்பட்டி இன்னும் பரணில் இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது. எடுத்துக் கொட்ட மனசு வரவில்லை, வாயில் போடவும் முடியவில்லை. அவனுக்கென்று இளைத்த கல்லீரல் என் வயிற்றிலேயே கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?