ஓட்டத் தெரியாத அம்மா

என் காரை சர்வீஸுக்கு விடப் போகும்போதெல்லாம் அங்கே கேட்கிற முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" என்பதுதான். வண்டி என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவதும் நான்தான். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும் என்பதைத் தவிர என் வீட்டுக்காரருக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவர் வந்தால் நாற்காலி, காபி, குளிர்ந்த அறை. நான் தனியாகப் போனால், "உக்காருங்க மேடம், கூப்பிடுறோம்." உட்கார நாற்காலி எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் வராது.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் சேரன்மகாதேவியில். எத்தனையோ வருஷம் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வந்த பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். காலையில் ஒரு முக்கால் மணி நேரம், சாயங்காலம் ஒரு முக்கால் மணி நேரம். வீட்டில் எல்லோருக்கும் நான் வேண்டும், பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் நான் வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும் யாருக்கும் நான் தேவையில்லை. இரண்டு பக்கமும் வயல், கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று, தப்புத் தப்பாக நான் பாடுகிற பாட்டு. அதற்காகத்தான் அந்தக் கார். இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் பெட்ரோல், நேரம், முதுகுவலி என்று வேறு காரணங்கள் சொல்லிவைத்திருந்தேன்.

அந்த வண்டியில்தான் ஒரு சத்தம் வந்தது. வேகத்தடையில் ஏறினால், பள்ளத்தில் இறங்கினால், இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் லொடக் லொடக் என்று ஒரு இடி. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத வண்டி. பைபாஸ் சாலையில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே அட்வைசர் என்று ஒரு தம்பி. இஸ்திரி கலையாத சட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப், கிட்டே போனால் தும்மல் வருகிற அளவுக்குச் சென்ட். வண்டியைப் பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சத்தமே இல்லை என்றார். வழவழவென்று கிடக்கிற ரோட்டில் எப்படி வரும்? சேரன்மகாதேவி ரோட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். அவ்வளவு தூரம் போக அனுமதி இல்லையாம்.

அடுத்த தடவை வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். சத்தம் சுத்தமாகக் கேட்டது. அதற்கடுத்த தடவை, சார் வந்தால்தான் விளங்கும் என்று இவரையும் வரச்சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நிற்கும்போதே அந்தத் தம்பி இவரிடம் குனிந்து, ரகசியம் மாதிரி, ஆனால் எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சார், வண்டியில குறையே இல்ல. மேடம் கிளட்ச்ல வச்ச காலை எடுக்கவே மாட்டேங்கிறாங்க. அதான் சத்தம். லேடீஸ் ஓட்டுற வண்டியில இது சகஜம்."

இவர் பெரிய ஞானியைப் போலத் தலையை ஆட்டினார். கிளட்ச் எந்தக் காலுக்கு என்று அப்போது கேட்டிருந்தால் முழித்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. அது துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, எவனையாவது பிடித்துக் கடிக்கவேண்டும் என்று தோன்றும்போது வருகிற அழுகை.

வீட்டுக்கு வந்ததும் இவர் மாற்றுச் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அசல் சாவி, இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கட்டும் என்று நான் விட்டுவந்த வண்டியோடு சர்வீஸ் சென்டரில் கிடந்தது. ரோட்டில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். தனக்குத் தெரிந்த ஒருவரிடம் டிரைவருக்குச் சொல்லிவிட்டதாகவும், திங்கட்கிழமை முதல் நான் பின்சீட்டில் சொகுசாக உட்கார்ந்து போகலாம் என்றும் சொன்னார். சொகுசு! பின்னால் உட்கார்ந்து இன்னொருத்தன் பிடரியைப் பார்த்துக்கொண்டு பாட முடியுமா?

வெள்ளிக்கிழமை பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனேன். வாடிக்கையாளரை இலவசமாக ஏற்றி இறக்குவோம் என்று அந்த சர்வீஸ் சென்டர் வாசலிலேயே பெரிய போர்டு உண்டு. நான் கேட்ட அன்றெல்லாம் அதற்கான டிரைவர் லீவு. சாயங்காலம் சேரன்மகாதேவி பஸ் ஸ்டாப்பில் நோட்டுக் கட்டோடு நின்றேன். வந்த பஸ்ஸில் படியில்கூட இடமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப்போய், வேகம் குறைந்து, நின்றது.

இடது பின்கதவில் ஒரு நீளக் கீறல். எங்கள் வீட்டுக் கேட்டில் நான் உரசியது. பின்கண்ணாடிக்குக் கீழே என் ஊதா நிறக் குடை. நம்பர் பிளேட்டைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

முன்சீட்டில் இருந்த பெண் தலையை நீட்டினாள். அவள் அக்கா மகன் என்னிடம் படிக்கிறானாம், என்னைப் பார்த்திருக்கிறாளாம். "என்ன டீச்சர், பஸ்ஸை விட்டுட்டியளா? ஏறுங்க. நாங்க பேட்டைக்குத்தான் போறோம்."

கத்தியிருக்கவேண்டும். போலீஸைக் கூப்பிட்டிருக்கவேண்டும். ஆனால் எனக்குள் ஒரு குரங்கு உண்டு, அது சில சமயம் என்னை முந்திக்கொள்ளும். "ரொம்ப உபகாரம் தாயி" என்று சொல்லி, என் வண்டிக் கதவை நானே திறந்து, என் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா. நடுவில் ஒரு வாழைத்தாரும் தாம்பூலப் பைகளும். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். வண்டியை ஓட்டியது அந்தப் பெண்ணின் கணவன். அவன் போட்டிருந்த சட்டையில் சர்வீஸ் சென்டரின் முத்திரை இருந்தது. நல்லவேளை, நான் அவனை அங்கே பார்த்ததில்லை. அவனும் என்னைப் பார்த்ததில்லை.

"எம் மருமவனுக்கு கம்பெனியிலயே குடுத்திருக்காங்க, டீச்சர்" என்றாள் பெரியவள். முகமெல்லாம் பெருமை. "நல்ல ராசியான வண்டி" என்றேன். மருமகன் காது சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். வாழைத்தாருக்கு இந்தப் பக்கம் நகர்ந்து வசதியாக உட்காரச் சொல்லி என்னை உபசரித்த பெரியவள், முன்னாலிருந்த மகளிடம், "டீச்சருக்கு அதை எடுத்துக் குடு" என்றாள். அவள் டேஷ்போர்டைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். உடன்குடி சில்லுக் கருப்பட்டி. பள்ளிக்கூடத்தில் காபிக்குப் போட்டுக்கொள்ள நான் வாங்கிவைத்தது. பாதிக்கு மேல் காலி.

"சும்மா எடுத்துக்கிடுங்க டீச்சர், கூச்சப்படாதிய" என்றாள்.

எடுத்துக்கொண்டேன். இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குதிக்கும். லொடக். லொடக். லொடக். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளும் வெறுத்த சத்தத்தைக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்ன சத்தம் இது?" என்று அந்தப் பெண் புருஷனைக் கேட்டாள்.

"இது முன்ன ஒரு அம்மா வச்சிருந்த வண்டி. ஓட்டத் தெரியாத அம்மா. கிளட்ச்ல வச்ச கால எடுக்கவே எடுக்காதாம். வண்டிய நாசமாக்கிட்டு."

நான் கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன். அவன் இடது கால் கிளட்சிலிருந்து விலகி, பக்கத்தில் தரையில் இருந்தது.

"நீங்க காலை எடுத்துட்டுதான தம்பி ஓட்டுதிய?"

"ஆமா டீச்சர்."

"அப்ப இப்ப ஏன் சத்தம் வருது?"

அடுத்த இணைப்பு அவனுக்குப் பதிலாகச் சொன்னது.

பேட்டையில் அவர்கள் வீட்டுச் சந்தில் மாமியாரும் மனைவியும் இறங்கிக்கொண்டார்கள். பெரியவள் ஒரு சீப்புப் பழத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் முன்னால் எதையும் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தலை மறைந்ததும், பைபாஸ் சர்வீஸ் சென்டரில் என்னை இறக்கிவிடும்படி சொன்னேன். அங்கே என்ன வேலை என்று கேட்டான். என் வண்டி அங்கேதான் கிடக்கிறது என்று சொல்லி, வண்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

வண்டி ரோட்டோரம் போய் நின்றது. பையன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வேலை போய்விடும், மாமியார் முகத்தில் முழிக்க முடியாது என்றான். வண்டிக்கார அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது என்று அட்வைசர் சார் சொன்னதைத்தான் தானும் சொன்னதாகவும், மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் சாவியை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

"இந்த வண்டிய எங்கன பார்த்தேன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீ ஓட்டும்போதும் சத்தம் வந்துச்சுன்னு, எங்க வீட்டு சார் காது கேக்க, நீ சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வீட்டுக்கு போன் போட்டு, வண்டி விஷயமாக சர்வீஸ் சென்டருக்கு வரச்சொன்னேன். 'சார் வரவேண்டும்' என்றதும் இவர் ஆட்டோ பிடித்துப் பறந்து வந்தார். அட்வைசர் நாற்காலி போட்டார். காபி வந்தது. நான் கேட்காமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"சார், நானும் ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச்ல கால் வைக்காமத்தான் ஓட்டினேன். இடி மாதிரி சத்தம் வருது. மேடம் ஓட்டுறதுல தப்பில்ல. வண்டியிலதான் கோளாறு."

"நீ எப்ப ஓட்டுன?" என்றார் அட்வைசர். சென்ட் வாசனைக்கு மேல் அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

"டெஸ்ட் டிரைவ்தான்" என்று நான் முந்திக்கொண்டேன். "அனுமதி இல்லன்னு சொன்னியளே, அதைவிட நல்லாத் தூரமாவே போய்ப் பார்த்திருக்காரு. பாலம் வரைக்கும்."

அட்வைசர் பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். அங்கே யாரும் அதற்குமேல் எதையும் தோண்டவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். இடது முன்சக்கரத்துப் பக்கம் இருக்கிற லிங்க் ராடு என்கிற கம்பி ஆடிப்போய்க் கிடந்தது. வாரண்டியில் மாற்றித் தருவதாக அட்வைசர் இவரிடம் சொல்லி, கையெழுத்துப் போட டேப்பையும் இவரிடமே நீட்டினார். இவர் அதை வாங்கி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் வண்டியை எடுத்தோம். சாவியை என்னிடம்தான் கொடுத்தார்கள். எந்த வேகத்தடையிலும் சத்தமில்லை. இவர் சட்டைப் பையிலிருந்த மாற்றுச் சாவியும் டேஷ்போர்டுக்குள், காலியான கருப்பட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் போனது. "டிரைவர் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு.

ஒரு வாரம் கழித்து இவரையும் ஏற்றிக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன். சர்வீஸ் எப்படி என்று மார்க் கேட்கிற பெண். இவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் முட்டை போடச் சொன்னேன். கடைசியாக, வாடிக்கையாளரை ஏற்றி இறக்குகிற வசதி எப்படி என்றாள். அதற்கு மட்டும் பத்துக்குப் பத்து என்றேன். நடுரோட்டில் நின்றவளைக் கூப்பிட்டு ஏற்றி, கருப்பட்டி கொடுத்து, கொண்டுவந்து விட்டார்கள் என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ரொம்ப நன்றி மேடம். அப்படியே பக்கத்துல சார் இருந்தா, வண்டியப் பத்தி சார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமா?"

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"நான் சும்மா பக்கத்துல உக்காந்து வாறவன் மா. வண்டியப் பத்திக் கேக்கணும்னா ஓட்டத் தெரிஞ்சவகிட்ட கேளு."

போனை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். பாலம் முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.