வலமாகச் சுற்றிய கார்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். லாரி, டிராக்டர்களுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவது எங்கள் தொழில். என்னோடு இன்னொருவனும் இருந்தான்; அவனும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவன் பத்து வரை போனவன். என் வேலை அவன் வேலையைவிடச் சுத்தம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவனுக்கு வாய் இருந்தது. நான் சரிசெய்த வண்டிக்கு அவனிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் சிலர் சோழபுரம் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாயில் கார் பந்தயம் விட ஏற்பாடு செய்தார்கள். முட்டை வடிவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வளைவுகளில் கழிவுப் பஞ்சு மூட்டைகளை அடுக்கினார்கள். அவர்களில் ஒருவர், டாக்ஸியாக ஓடி ஓய்ந்த ஒரு காரை எங்களிடம் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கென்றே பட்டறை வைக்கப் போகிறாராம். "கார் ஜெயிச்சா ஒங்கள்ல ஒருத்தர அங்க கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். அந்த ஒருத்தர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தயக் கார் பற்றி அவர் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "மாப்ள, இந்தப் பந்தயத்துல வண்டி இடதுபக்கம் மட்டுந்தான் திரும்பும். பாரம் அம்புட்டும் வலதுபக்கம் சாயும். பொறவு ரெண்டு பக்கமும் ஒரே பலம் எதுக்குலே?" என்றான். பின்சக்கரத்தில் வலது பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டினான். இடது பக்கத்தில் ஒன்றைக் கழற்றினான். நேர்ச்சாலையில் கார் நொண்டியது. பக்கத்து மைதானத்தில் இடதாக வளைத்தபோது தரையைக் கவ்விக்கொண்டு போனது. கார் முதலாளி அவன் தோளில் தட்டினார். பக்கத்தில் ஜாக்கியோடு நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம், அவன் சாப்பிடப் போயிருந்த நேரம், சோழபுரத்துக்காரர் ஒருவர் டிராக்டரோடு வந்தார்.

"கண்மாய்க்கு நடுவுல எங்க சாமி பீடம் இருக்குல்லா? அதச் சுத்தித்தான் கோடு போட்டுருக்காவ. இடமாச் சுத்துறது எழவுக்குத்தான் தம்பி. நாளைக்கு வலமாச் சுத்துனா வண்டி ஓடும். இல்லன்னா ஒண்ணும் ஓடாது. ஊர்ல பேசி முடிச்சாச்சு" என்றார்.

வலமாகச் சுற்றினால் கார் வலது பக்கமே திரும்பும். பாரம் இடது பக்கம் விழும். அங்கேதான் ஒரு பட்டை குறைவு. அவன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான்.

"என்னலே முழிக்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். எனக்குக் கூச்ச சுபாவம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று அது நல்ல மறைவாக இருந்தது.

மறுநாள் ஊர்க்காரர்கள் கோட்டில் வந்து நின்றுகொண்டார்கள். பந்தயம் விட்டவர்கள் வலமாகச் சுற்ற ஒத்துக்கொண்டார்கள். "போச்சு" என்றார் கார் முதலாளி. என் நெஞ்சு குளிர்ந்தது.

அவன் குனிந்து காரின் அடியைப் பார்த்தான். பிறகு ஊர்ப் பெரியவரிடம், "பந்தயத்துக்கு முன்ன சாமிக்குப் பூசை முடிய எம்புட்டு நேரமாகும் அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"ஒரு மணி நேரம் ஆகும்."

"போதும். மாப்ள, ஜாக்கியப் போடு. வலதுல உள்ளத இடதுல மாட்டிருவோம்."

கொதிக்கும் மண்ணில் இருவரும் மல்லாந்து கிடந்து மாற்றினோம். என் பக்கத்து போல்ட்டைப் பாதி முறுக்கி விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே உட்காரப்போகிறவர் நினைப்பு வந்து முழுக்க முறுக்கினேன்.

கார் முதலாவதாக வந்தது. ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டானே என்று கண்மாய் முழுக்க அவன் பேச்சுதான். முந்தின நாளே நான் சொல்லியிருந்தால் பட்டறையில் நிதானமாக மாற்றியிருப்போம். ஒருவரும் அதைப் பேசியிருக்க மாட்டார்கள். அவன் பெயரை நானே தூக்கிவிட்டிருந்தேன்.

"இவன் இல்லாட்டி முடிஞ்சிருக்காது மொதலாளி. இவனும் வரட்டும்" என்றான் அவன். முதலாளியும் தலையாட்டினார்.

அப்போது டிராக்டர்காரர் குறுக்கே வந்து என்னைக் காட்டினார். "நேத்தே இவருட்டச் சொன்னேனே!"

நான் குனிந்து ஜாக்கியைத் துடைத்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இவன்ட்டயா சொன்னீய? சொவத்துட்டச் சொல்லிருக்கலாம் அண்ணாச்சி. இவன் எங்க வாயத் தொறப்பான்?"

வீட்டில் விட மாட்டார்கள் என்று சொல்லி நான் கோயம்புத்தூர் போகவில்லை. அவன் சந்தேகப்பட்டு அங்கேயே என் சட்டையைப் பிடித்திருந்தால், ஒருவேளை போயிருப்பேன்.